பக்கவாதம் வந்தவருக்குப் புற்றுநோய் உண்டா? டாக்டரிடம் மறைக்காதீர்கள்!



பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை செய்வதால் நம்மில் பலர் அங்கே போய்வருகிறோம். தேக்காவில் நடந்துகொண்டிருக்கும்போது ஒருவருக்கு வாய் கோணி, பேச்சுக் குழறி, ஒரு கை விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? "இது வாயு, எண்ணெய் தேய்ச்சா சரியாப்போயிடும்" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். உடனே 995க்குப் போன் போடுங்கள். நம் ஊரில் 999. கட்டி கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

பக்கவாதத்துக்கு ரத்தக் கொதிப்பு மட்டும் காரணமல்ல. கணையம், நுரையீரல், வயிறு, சினைப்பை ஆகியவற்றில் வரும் புற்றுநோய் ரத்தத்தை எளிதில் உறையவைக்கும். அது இருதய வால்வில் சிறு கட்டிகளாக ஒட்டிக்கொள்ளும். அதில் கிருமி இல்லை. காய்ச்சலும் பெரும்பாலும் இராது. கட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் ரத்தக் குழாய் அடைபட்டுப் பக்கவாதம் வரும். சிலருக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் புற்றுநோய் இருப்பதே தெரியவரும்.

புற்றுநோயாளிக்கு ரத்தம் உறைவதை 1860களிலேயே எடுத்துச் சொன்னவர் பிரான்சு நாட்டு டாக்டர் துரூசோ. பிறகு அதே அறிகுறியைத் தம் உடம்பிலேயே கண்டார். 1867இல் புற்றுநோயால் இறந்தார்.

மார்பகம், சினைப்பை, குடல், கருப்பை ஆகியவற்றின் புற்றுநோய் சில குடும்பங்களில் பரம்பரையாகத் தொடரும். பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணுக் கோளாறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பா வழியிலும் வரும். வருவது நோயல்ல, நோய்க்கான வாய்ப்புத்தான். முன்கூட்டியே தெரிந்தால் பரிசோதனை செய்து காத்துக்கொள்ளலாம். சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு.

"வெளியில தெரிஞ்சா பொண்ணு கல்யாணம் நின்னுபோகும்" என்று பலர் மறைக்கிறார்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், டாக்டருக்குச் சொல்லுங்கள். புற்றுநோய் இருப்பது தெரிந்தால் அவர் இருதய வால்வை ஸ்கேனில் கவனமாகப் பார்ப்பார். கட்டி கரைக்கும் ஊசி போடலாமா, ரத்தப் போக்கு வருமா என்று யோசிப்பார். வால்வில் கட்டி இருந்தால் ஹெப்பாரின் ஊசி தேவைப்படலாம். வெறும் ஆஸ்பிரின் போதாமல் போகலாம். புற்றுநோய்க்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும்.

குடும்பத்தில் யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனை வயதில் புற்றுநோய் வந்தது என்று இன்றே ஒரு தாளில் எழுதி அடையாளக் கார்டோடு வையுங்கள். உங்களால் பேச முடியாத நேரத்தில் அந்தத் தாள் பேசும்.