எத்தனை காலமாக?

துன்புறும் தன் மகனை இயேசுவிடம் கொண்டுவரும் ஒரு தந்தையை மாற்கு நற்செய்தி 9ஆம் பிரிவில் பார்க்கிறோம். குணமளிக்கும் முன், எத்தனை காலமாக மகனுக்கு இப்படி என்று இயேசு அவரைக் கேட்கிறார். குழந்தைப் பருவம் முதலே என்கிறார் தந்தை. மருத்துவர்களும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நம் வீட்டுக் குழந்தைகளை மனத்தில் வைத்து, இன்று நாமும் இக்கேள்வியைச் சிந்திப்போம்.

"பிள்ளை இன்னும் பேசவில்லையே" என்று ஒரு தாய் கலங்கினால், "அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான், பொறு" என்கிறோம். ஆறுதலாகச் சொல்கிறோம். ஆனால் சில குழந்தைகளுக்கு அது விலைமதிப்பற்ற காலத்தை இழக்கச் செய்துவிடுகிறது. மனித மூளை மிக வேகமாக வளர்வது முதல் மூன்று ஆண்டுகளில்தான். புதிய வழிகளைப் பழகிக்கொள்ளும் ஆற்றலும் அப்போதுதான் அதிகம்.

காது கேளாமல் பிறக்கும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். காதில் விழாத பேச்சை அது எப்படிக் கற்கும்? அதனால்தான் 1 மாதத்துக்குள் செவித்திறன் சோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்று மருத்துவ உலகம் வகுத்திருக்கிறது. பாதம் வளைந்து பிறக்கும் குழந்தைக்கும் முதல் வாரங்களிலேயே வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றிப் போட்டால், பெரும்பாலும் பெரிய அறுவை சிகிச்சையின்றியே பாதம் நேராகிவிடும்.

நாம் எதைக் கவனிக்க வேண்டும்? 3 மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காதது, 5 மாதமாகியும் தலை நிற்காதது, 10 மாதமாகியும் உட்காராதது, 18 மாதமாகியும் நடக்காதது, 2 வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதது. இவற்றில் ஒன்று இருப்பதாலேயே குறை என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

2013இல் நடுவண் அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைச் சோதிக்கிறார்கள். குறை தென்படும் குழந்தைகளை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புகிறார்கள். இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி எல்லாம் அங்கே இலவசம். வழி தெரியாதவர்கள் அங்கன்வாடிப் பணியாளரையோ கிராமச் செவிலியரையோ கேட்கலாம்.

மையத்தில் கிடைப்பது வாரத்தில் சில மணி நேரம்தான். மீதியை வீட்டில்தான் செய்ய வேண்டும். 1989இல் சென்னையில் தொடங்கப்பட்ட மதுரம் நாராயணன் மையத்தில் குழந்தையோடு தாயும் பயிற்சி பெறுகிறார். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பேசுவதும், கைநீட்டி எடுக்கப் பழக்குவதும்கூடப் பயிற்சிதான்.

நம் திருவண்ணாமலையில் வேண்டுதலுக்குக் குறைவில்லை. பிள்ளைக்காக 14 கி.மீ. மலையைச் சுற்றி நடக்கும் பெற்றோரும், வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. அந்த அன்பை மதிப்போம். ஆனால் நேர்ச்சை நிறைவேறட்டும் என்று மருத்துவரைத் தள்ளிப்போட வேண்டாம். சீராக்கின் ஞானநூல் 38ஆம் பிரிவு இறைவனிடம் மன்றாடவும் சொல்கிறது, மருத்துவருக்கு இடங்கொடுக்கவும் சொல்கிறது.

பல தாய்மார் காலம் தாழ்த்துவது அறியாமையால் அல்ல, பழிச்சொல்லுக்கு அஞ்சி. யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவன் பெற்றோருமல்ல என்று இயேசு மறுத்ததை யோவான் 9ஆம் பிரிவு சொல்கிறது. நாம் மட்டும் மருமகளின் ராசியையும் வம்சத்தையும் ஏன் தோண்ட வேண்டும்?

ஜமுனாமரத்தூர் மலையிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் வந்துபோகும் தாய்க்கு ஒரு நாள் கூலி போகிறது. மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நம் அன்பியங்கள் செய்யக்கூடிய உதவி இது. "பொறு" என்று சொல்லும் வாயால், "நாளைக்கு நானும் உன்னோடு வருகிறேன்" என்று சொல்வோம்.