முயலின் பின்புறம் ஈரமா? உடனே கவனியுங்கள்!

நாய் வளர்க்க இடம் போதாத வீட்டில், பிள்ளைகளின் பிடிவாதத்துக்காக வாங்கப்படுவது முயல். குரைக்காது, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை இல்லை. மைசூரில் லைன் வீடுகளிலும் குவார்ட்டர்ஸ்களிலும் குடியிருப்போருக்கு இது வசதிதான். ஆனால் சத்தம் போடாத அந்தக் குணமே சில சமயம் அதற்கு எமனாகிவிடுகிறது.

வலித்தாலும் முயல் பெரும்பாலும் கத்துவதில்லை. மூலையில் ஒடுங்கிவிடும், புல்லைத் தொடாது. தூக்கிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். பின்னங்கால்களின் உட்புறமும் வாலடியும் நனைந்து, ரோமம் உதிர்ந்து, தோல் வெந்ததுபோல் சிவந்திருக்கும். ஓயாமல் சிறுநீர் பட்டதால் வந்த புண் அது.

காரணம் என்ன?

முதல் காரணம் கூண்டு. மரப்பெட்டியில் சாக்கை விரித்து, அதை நாள் கணக்கில் மாற்றாமல் விட்டால், முயல் தன் சிறுநீரிலேயே உட்கார நேரிடும். ஜூனில் மழை பிடித்துவிட்டால் சாக்கும் காயாது. ஈரத்திலிருந்து எழும் அம்மோனியா நெடி கண்ணையும் மூக்கையும்கூடக் கெடுக்கும்.

கூண்டு சுத்தமாக இருந்தும் பின்புறம் நனைந்தால், கோளாறு உள்ளே இருக்கலாம். உடல் பெருத்த முயலால் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ள முடியாது. வயதான முயலை மூட்டுவலி தடுக்கும். தூக்கும்போது பின்புறத்தைத் தாங்கிப் பிடிக்காவிட்டால், முயல் உதறி முதுகெலும்பை முறித்துக்கொள்வதும் உண்டு. பிறகு சிறுநீர் தானாகவே ஒழுகும்.

இன்னொரு காரணம் சுண்ணாம்புச் சத்து. மிஞ்சிய சுண்ணாம்பை முயல் சிறுநீர் வழியாகவே அதிகம் வெளியேற்றுகிறது. ஆகவே சிறுநீர் சற்று வெண்மையாகக் கலங்கியிருப்பது இயல்பே. அது குழம்பு போல் கெட்டியானாலோ, முயல் முக்கி முக்கிச் சிறுநீர் கழித்தாலோ, பையில் வண்டல் அல்லது கல் இருக்கலாம்.

ஒரு நாளில் புழு

நனைந்த ரோமத்தில் ஈ முட்டையிட்டால், ஒரே நாளில் புழு வைத்துவிடும். அது சதையைத் தின்னத் தொடங்கினால் முயல் பிழைப்பது கடினம். எனவே டியூட்டிக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை முயலின் பின்புறத்தைப் பார்ப்பது அவசியம்.

செய்ய வேண்டியவை

புண்ணைச் சுற்றியுள்ள ரோமத்தைக் கவனமாகக் கத்தரிக்கவும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஒற்றித் துடைத்து, ஈரம் போக உலர்த்தவும். முழுக் குளியல் கூடாது. மனிதருக்கான களிம்பைத் தடவினால் முயல் நக்கி விழுங்கிவிடும். வீட்டிலிருக்கும் பெனிசிலின், அமாக்சிசிலின் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது; குடல் கெட்டு உயிரே போகலாம்.

சாக்கைத் தினமும் மாற்றவும். கம்பி வலைத் தரையானால் சிறுநீர் கீழே இறங்கிவிடும். ஆனால் பாதம் புண்ணாகாமலிருக்க உட்கார ஒரு பலகை போடவும். புல்லும் வைக்கோலும் தாராளமாக வேண்டும். பிஸ்கட், சோறு வேண்டாம். முயல் குளிர்ச்சியை விரும்பும் பிராணி. ஏப்ரலில் மைசூர் வெயில் 35 டிகிரியை நெருங்கும்போது நிழலும் எந்நேரமும் தண்ணீரும் தேவை.

புழு கண்டாலோ, ரத்தம் கலந்தாலோ, அரை நாள் எதுவும் தின்னாவிட்டாலோ உடனே கால்நடை டாக்டரிடம் காட்டவும். இங்கே போர்டில் 'பசு ஆஸ்பத்ரெ' என்றிருப்பதைப் பார்த்து, மாட்டுக்கு மட்டும் என்று திரும்பிவிட வேண்டாம். கன்னடத்தில் 'பசு' என்றால் பொதுவாகக் கால்நடை. முயலுக்கு 'மொல' என்று பெயர்; அதைச் சொன்னால் போதும்.

வாயில்லா ஜீவன் தன் வலியைச் சொல்லாது. வளர்ப்பவர்தான் தூக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு ஆவது தினமும் இரண்டு நிமிடம், ஒரு காய்ந்த சாக்கு.