பிளஸ் டூவுக்குப் பிறகு யார் கேட்பது?

லால்குடியில் அரசுப் பள்ளிக்குப் போகும் மாற்றுத்திறனாளி மாணவரைத் தேடி உதவி வருகிறது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வந்து பார்க்கிறார். பொதுத்தேர்வு நெருங்கும்போது மருத்துவச் சான்றோடு தேர்வுத்துறைக்கு விண்ணப்பத்தை அனுப்புவது தலைமையாசிரியரின் வேலை. சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு எல்லாமே அந்த விண்ணப்பத்தில் அடங்கிவிடும்.

பிளஸ் டூ முடிந்ததும் அந்தக் கோப்பு பள்ளியிலேயே தங்கிவிடுகிறது. கல்லூரியில் மாணவரே எழுதிக் கேட்க வேண்டும். திருச்சி செயின்ட் ஜோசப், பிஷப் ஹீபர் போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துகின்றன. அங்கே கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரைப் பார்த்தால் போதும். தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் செமஸ்டர் தேர்வு பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. முதல்வர் வழியாக விண்ணப்பம் போய், அனுமதி வர வேண்டும். அகமதிப்பீட்டுத் தேர்வுக்குத் துறைத்தலைவரிடமும் சொல்லி வைக்க வேண்டும். மதிப்பெண் சத்தமில்லாமல் குறைவது பெரும்பாலும் அங்கேதான். பள்ளியில் பெற்ற மொழிப்பாட விலக்கும் தானாகத் தொடராது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி தருகிறது. உயர்கல்விக்கு 32ஆவது பிரிவு: அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடம், வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு. இரண்டுக்கும் குறைந்தது 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று வேண்டும்.

தேர்வறை உதவிக்கு அந்த 40 கட்டாயமில்லை. பலருக்கும் இது தெரியாமலே போகிறது. எழுதும்போது கை இறுகிப்போகும் கோளாறு கொண்ட விகாஷ் குமார், யூ.பி.எஸ்.சி.க்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போனார். எழுதுபவரை வைத்துக்கொள்ளும் உரிமையை 40 சதவீதத்தோடு கட்டிப்போட முடியாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அதையொட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலும், எழுதுவதில் சிரமம் உண்டு என்று அரசு மருத்துவமனையில் சான்று பெற்றவர் எழுதுபவரைக் கேட்கலாம். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு.

ஆகவே பிளஸ் டூ ஹால் டிக்கெட், தேர்வுத்துறை அளித்த அனுமதி ஆணை, மருத்துவச் சான்று மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். சேரும் நாளிலேயே முதல்வரிடம் கடிதம் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள்.

பதினெட்டு வயதுப் பிள்ளை அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கித்தான் இந்த உதவியைப் பெற வேண்டும் என்பது நியாயமில்லை. சேர்க்கை விண்ணப்பத்தில் குறைபாட்டின் சதவீதத்தைக் கேட்கும் கல்லூரிகள், அதன் கீழே ‘என்னென்ன உதவி தேவை?’ என்று இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும். வரும் சேர்க்கையிலேயே அதைச் செய்யலாம்.