அறுபத்துநான்கு அறுபத்தைந்தான விந்தை

பக்கம் 8 அங்குலமுள்ள சதுர அட்டையொன்றை எடுத்துக்கொள்க. அதன் பரப்பு 64 சதுர அங்குலம். அதனை 3 அங்குல அகலமும் 5 அங்குல அகலமுமுள்ள இரு நீள்சதுரங்களாக வெட்டுக. சிறியதை மூலைக்கு மூலை வெட்டின், இரு செங்கோண முக்கோணங்களாம். பெரியதன் நீண்ட பக்கமொன்றில் இடக்கோடியினின்று 5 அங்குலத்திலும், எதிர்ப்பக்கத்தில் அதே கோடியினின்று 3 அங்குலத்திலும் புள்ளியிட்டு, இரண்டையும் இணைத்து வெட்டின், ஒத்த இரு சரிவகங்களாம். இந்நான்கு துண்டுகளையும் மாற்றியடுக்கின், 13 அங்குல நீளமும் 5 அங்குல அகலமுமுள்ள நீள்சதுரம் தோன்றும். அதன் பரப்போ 65! மிகுந்த ஓரங்குலம் எங்கிருந்து வந்தது?

1868-ஆம் ஆண்டில் ஷ்லோமில்க் என்னும் ஜெர்மானியக் கணித அறிஞர் வெளியிட்ட புதிர் இது. கத்தரிக்கோலின் பிழையென்று தள்ளிவிடுவாருமுளர், அஃதன்று.

கிடையாக இவ்வளவு சென்றால் மேலே இவ்வளவு ஏறுகிறோம் என்னும் விகிதமே ஒரு கோட்டின் சரிவு. முக்கோணத்தின் சாய்ந்த பக்கம் 8 சென்று 3 ஏறும். சரிவு 3/8, அதாவது 0.375. சரிவகத்தின் சாய்ந்த பக்கம் 5 சென்று 2 ஏறும். சரிவு 2/5, அதாவது 0.4. ஒரே நேர்கோட்டில் சரிவு மாறாது. ஆகவே மூலைக்கு மூலை நேர்கோடெனக் கண்டது, உண்மையில் மேலும் கீழுமாக முறிந்த இரு கோடுகளே. அவற்றினிடையே மெல்லியதொரு சந்து உளது. அதன் எதிர்ப்பக்கங்களுள் ஓரிணைக்குச் சரிவு 3/8, மற்றோரிணைக்கு 2/5. சரிவொத்த இருவேறு கோடுகள் எங்கும் சந்தியா, அவை இணைகோடுகள். எனவே அச்சந்து ஓர் இணைகரம். அதன் பரப்பு சரியாக 1 சதுர அங்குலம்!

அஃது ஒடுங்கிய நீள்சதுரமாகாதோ எனின், அதற்கும் சோதனையுண்டு. 8 சென்று 3 ஏறும் கோட்டை இடப்புறமாகக் கால்வட்டம் திருப்புக. சென்றது ஏற்றமாகும்; ஏறியது பின்வாங்கலாகும். 3 பின்வாங்கி 8 ஏறுதலின், புதிய சரிவு -8/3. இரு சரிவுகளையும் பெருக்கின் -1 வரும். செங்கோணத்தில் வெட்டுங் கோடுகளுக்கு இதுவே அடையாளம். நம் சந்தின் அடுத்தடுத்த பக்கங்களிலோ 3/8-ஐ 2/5-ஆற் பெருக்க 3/20 வருகிறது, அங்கே செங்கோணமில்லை.

நிமிர்ந்து நிற்குங் கோட்டிற்கு மட்டும் இச்சோதனை செல்லாது. அது கிடையாகச் செல்வது 0. 0-ஆல் வகுத்தல் கூடாமையின், அதற்குச் சரிவே இல்லை. மாணவர் பலர் அதன் சரிவை 0 என்றெழுதி மதிப்பெண் இழப்பர். 0 கிடைக்கோட்டின் சரிவாகும்.

13 அங்குலச் சதுரத்தை 5, 8 என வெட்டி இவ்வாறே செய்க. 169 என்னும் பரப்பு 168 ஆகக் குறையும். சரிவுகள் 5/13, 3/8. இம்முறை சந்து தோன்றாது, துண்டுகள் ஒன்றன்மேலொன்று ஏறிக்கிடக்கும்.