'இஃப்' முன்னால், 'ஆனால்' பின்னால்... தமிழ் வரிசையில் ஒரு கணினி மொழி!

பழவேற்காடு ஏரி மீனவர்களிடம் 'பாடு' என்றொரு வழக்கம் உண்டு. மீன் கிடைக்கும் இடங்களில் யார், என்றைக்கு வலை போடுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். 'உன் முறை வந்தால் வலை போடு' என்பதுதான் விதி.

இதையே கணினிக்குச் சொல்வது எப்படி?

பெரும்பாலான கணினி மொழிகள் ஆங்கில வழக்கில் 'இஃப்' என்று தொடங்கி, நிபந்தனையைப் பிறகு சொல்லும். தமிழில் நிபந்தனை முதலில்; 'ஆல்' கடைசியில். இந்த வரிசையிலேயே அமைந்திருக்கிறது, முத்து அண்ணாமலை 2007-ல் உருவாக்கத் தொடங்கிய 'எழில்':

@(முறை == 1) ஆனால்
பதிப்பி "வலை போடு"
முடி

'முறை 1 ஆனால், திரையில் இதைக் காட்டு' என்று அர்த்தம்.

எழிலுக்கும் முன்னோர் உண்டு!

எழிலை இயக்கும் நிரல் எழுதப்பட்டது பைத்தானில். ஆனால், பைத்தானைப்போல வரிகளை உள்தள்ளிப் பிரிக்காமல், பேசிக் வகை மொழிகளைப்போல 'முடி' என்று சொல்லி முடிக்கிறது. அந்த உள்தள்ளலும் பைத்தானின் சொந்தச் சரக்கல்ல. நெதர்லாந்தின் கைடோ வான் ரோசம், தான் முன்பு வேலை பார்த்த 'ஏபிசி' மொழியிலிருந்து எடுத்துக்கொண்டது. பைத்தான் வெளியானது 1991-ல்.

யாருக்குப் பயன்?

தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு! கணினியையும் ஆங்கிலத்தையும் ஒரே நேரத்தில் கற்கும் சுமை குறையும். வேலைக்குப் போக பைத்தான், ஜாவா தேவைப்படும்தான். ஆனால், நிபந்தனை என்றால் என்ன என்பது தாய்மொழியில் புரிந்துவிட்டால், பிறகு புதிதாகப் படிக்க வேண்டியது சொற்களையும் அவற்றின் வரிசையையும்தான்.

எழில், இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள். வீட்டில் கணினி இருந்தால், இந்த விடுமுறையில் பிள்ளைகளோடு நீங்களும் முயன்று பார்க்கலாம்!