திருப்பூர் பனியன் ஹாம்பர்க் போகும் வழி

திருப்பூரில் தைத்த ஒரு டி-ஷர்ட் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தை அடைவதற்குள் லாரி, ஃபீடர் என்னும் சிறு கப்பல், தாய்க்கப்பல் என்னும் பெருங்கப்பல் என மூன்று முறை ஏறி இறங்குகிறது. பஞ்சு நூலாவதில் தொடங்கி, வெளிநாட்டுக் கடைக்காரர் கைக்குப் பெட்டி போய்ச் சேரும் வரையிலான இந்தத் தொடரை எங்கும் அறுந்துவிடாமல் நடத்துவதையே விநியோகச் சங்கிலி மேலாண்மை என்கிறார்கள்.

சங்கிலியின் முதல் பாதி ஊருக்குள்ளேயே இருக்கிறது. நூல் ஓரிடத்தில் வாங்கி, நிட்டிங் ஓரிடத்தில் ஓட்டி, டையிங், காம்பாக்டிங், பிரின்டிங், எம்பிராய்டரி என ஒவ்வொன்றையும் தனித்தனி ஜாப் ஒர்க் யூனிட்டில் முடித்துத் தைப்பது திருப்பூரின் வழக்கம். சாயப்பட்டறையில் நிறம் சரியாக விழாமல் துணி இரண்டு நாள் பிந்தினால் அடுத்துள்ள அத்தனை வேலையும் பிந்தும். கப்பல் தேதி மட்டும் நகராது. தேதி தவறிய சரக்கைத் தன் செலவில் விமானத்தில் அனுப்ப நேர்ந்த ஏற்றுமதியாளருக்கு அந்த ஆர்டரில் லாபம் மிஞ்சுவது அரிது.

அட்டைப்பெட்டிகள் கன்டெய்னரில் ஏறி, கதவில் எண்ணிட்ட சீல் விழுந்ததும் லாரி தூத்துக்குடிக்குப் புறப்படுகிறது. 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சரக்கோடு காகிதமும் பயணப்பட வேண்டும். சுங்கத்துறைக்கு ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட். 2016 ஜூலை முதல், கன்டெய்னரின் மொத்த எடைக்கான சான்றும் இல்லாமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள். கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங் இவற்றுள் முக்கியமானது. அதன் அசல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சரக்கைக் கோர முடியும். வாங்குபவரின் வங்கி பணத்துக்குப் பொறுப்பேற்கும் லெட்டர் ஆஃப் கிரெடிட் முறையில் பணம் வருவதாக இருந்தால், வங்கி துணியைப் பார்ப்பதில்லை, காகிதத்தை மட்டுமே பார்க்கிறது. பெட்டி எண்ணிக்கை ஓரிடத்தில் 410 என்றும் இன்னோரிடத்தில் 401 என்றும் இருந்தால் போதும், பணம் நின்றுவிடும்.

பொறுப்பு யாருடையது என்பதையும் முதலிலேயே எழுதிவைக்கிறார்கள். எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்றால், சரக்கு கப்பலில் ஏறும் வரை செலவும் ஆபத்தும் விற்பவருடையவை, அதன்பின் வாங்குபவருடையவை.

ஐரோப்பாவுக்கு ஓடும் தாய்க்கப்பல்கள் மிகப் பெரியவை. அவற்றுக்கு ஆழமும் ஏராளமான சரக்கும் ஒரே இடத்தில் வேண்டும். ஆகவே தூத்துக்குடி கன்டெய்னர்களில் பெருமளவு ஃபீடர் கப்பலில் கொழும்பு போய், அங்கே மாற்றி ஏற்றப்படுகின்றன. தாய்க்கப்பல் சேவைகள் பெரும்பாலும் வாரம் ஒருமுறைதான். கடல் கொந்தளிப்பாலோ துறைமுக நெரிசலாலோ ஃபீடர் ஒரு நாள் தாமதித்துத் தாய்க்கப்பலைத் தவறவிட்டால் கன்டெய்னர் ஒரு வாரம் கொழும்பில் கிடக்கும்.

2023 நவம்பருக்குப் பிறகு, கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் வழியே மாறிப்போனது. செங்கடலில் ஏமனின் ஹூதி படையினர் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், பெரிய நிறுவனங்கள் பலவும் சூயஸ் கால்வாயைக் கைவிட்டு ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. போகும் வழி மட்டும் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை நீண்டது. நாள் கூடியதோடு விஷயம் முடியவில்லை. வாரம் ஒரு கப்பல் என்ற கணக்கில், போய்த் திரும்பப் பத்து வாரம் ஆகும் தடத்துக்குப் பத்துக் கப்பல் வேண்டும். பதின்மூன்று வாரமானால் பதின்மூன்று. கூடுதல் கப்பல்களை வேறு தடங்களிலிருந்து இழுத்தார்கள். அதனால் செங்கடலைத் தொடாத தடங்களிலும் கட்டணம் ஏறியது. கன்டெய்னர்கள் வெகுநாள் கடலிலேயே இருந்ததால் காலிப் பெட்டி கிடைப்பதும் கடினமானது.

எஃப்.ஓ.பி. ஒப்பந்தத்தில் கூடுதல் கட்டணம் வாங்குபவர் தலையில் விழ வேண்டும். ஆனால் சரக்கு சேர்ந்த பிறகே பணம் என்ற நிபந்தனையில் விற்றவருக்கு வரவு வாரக்கணக்கில் தள்ளிப்போகிறது. நூலுக்கும் கூலிக்கும் வாங்கிய பேக்கிங் கிரெடிட் கடனின் வட்டி அத்தனை நாளும் ஓடுகிறது. நூறு பேரை வைத்து வேலை வாங்கும் சிறு நிறுவனத்துக்கு இது தாங்க முடியாத சுமை. சங்கிலி எங்கே நீண்டாலும் அந்த நீளத்துக்கான செலவு கடைசியில் பலம் குறைந்தவரிடமே வந்து நிற்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கொழும்புக்கு மாற்று வழிகள் உருவாகிவருகின்றன. கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம், இயல்பாகவே ஆழமான கடலோடு, 2024 டிசம்பரில் வணிகச் செயல்பாட்டைத் தொடங்கியது. தூத்துக்குடியில் 2024 செப்டம்பரில் புதிய கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. அங்கே வெளித்துறைமுகத் திட்டத்துக்கு அதே ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அது முடிந்து தாய்க்கப்பல் தூத்துக்குடியிலேயே அணைந்தால் கொழும்பில் ஏற்றி இறக்கும் செலவும் காத்திருப்பும் மிச்சமாகும். திருப்பூரின் சிறு ஏற்றுமதியாளருக்கு இதைவிட நேரடியாகப் பயன் தரும் பணி வேறில்லை. வெளித்துறைமுகத்தை மத்திய அரசு காலம் கடத்தாமல் கட்டி முடிக்க வேண்டும்.