நீச்சல் குளத்து நீருக்கு இதமான சூடு: ‘ஹீட் பம்ப்’ வாங்குமுன் அறிய வேண்டியவை



நம் மலாக்கா மாநிலத்தில் அலோர் காஜா வட்டாரத்துக் காடேக்கிலும் ஜாசினை அடுத்த பெம்பானிலும் இயற்கையான வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. மூட்டுவலி கண்ட பெரியவர்கள் அங்கே சென்று கால் நனைத்து வருவதை நாம் பார்த்திருக்கிறோம். விடியுமுன் எழுந்து, மேடு பள்ளம் ஏறி இறங்கிப் பால்மரம் வெட்டிய அந்தத் தலைமுறையின் முழங்கால்கள் இன்று தேய்ந்து கிடக்கின்றன. வெதுவெதுப்பான நீர் உடல் எடையைத் தாங்கிக்கொள்வதால், அதனுள் நடந்து பயிற்சி செய்வது மூட்டுகளுக்கு இதமளிக்கிறது. ஆகவே, வசதி பெற்ற பிள்ளைகள் சிலர் வீட்டிலேயே சிறு நீச்சல் குளம் கட்டி, அதன் நீரைச் சூடாக்கும் கருவியையும் வாங்குகின்றனர்.

எங்கள் தாமானில் ஓர் அன்பர் தம் தாயாருக்காக அவ்வாறே செய்தார். மலிவாகக் கிடைத்த கருவியை இரு சுவர்கள் சேரும் மூலையில், அடுத்த வீட்டுப் படுக்கையறைச் சன்னலுக்கு எதிரே பொருத்தினார். அது இரவு முழுவதும் இரைந்தது. அடுத்த வீட்டு மலாய்க் குடும்பத்தில் கைக்குழந்தை. தீபாவளிக்கு முறுக்கும் ஹரிராயாவுக்கு லெமாங்கும் கைமாறிய பல்லாண்டு உறவு கசக்கத் தொடங்கியது. கடைசியில் அந்தத் தாயாரே குளத்தில் இறங்க மறுத்துவிட்டார். “என் கால் வலி போறதுக்கு அடுத்த வீட்டுப் பச்சப்புள்ள தூக்கம் கெடணுமாய்யா?” என்று மகனைக் கேட்டார். இக்கட்டுரை எழுதக் காரணம் அந்தக் கேள்விதான்.

முதலில், தேவைதானா?

நம் ஊரில் பகலில் 32 பாகையும் இரவில் 24 பாகையும் செல்சியஸ் அளவில் வெப்பம் நிலவுகிறது. நல்ல உடல்நலமுள்ளோர் நீந்தத் திறந்தவெளிக் குளத்து நீரே போதும். கருவிக்குச் செலவிட வேண்டியதில்லை. முதியோரின் பயிற்சிக்கு 32 பாகை அளவு வேண்டுமென்றால்தான் இதைப் பற்றி எண்ண வேண்டும். இருதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முன்னதாக மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

கருவி வேலை செய்யும் விதம்

குளிர்ப்பெட்டியின் பின்புறம் கை வைத்தால் சூடு தெரியும். உள்ளிருக்கும் வெப்பத்தை அது வெளியே தள்ளுவதே காரணம். ‘ஹீட் பம்ப்’பும் அதே தத்துவம்தான். வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தைக் குளிரூட்டி வாயு உறிஞ்சுகிறது. கம்பிரசர் அதை அழுத்திச் சூட்டை உயர்த்துகிறது. அச்சூடு குழாய்ச் சுருள் வழியே குளத்து நீருக்கு மாறுகிறது. மின்சாரம் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. 1852இல் கெல்வின் பிரபு இவ்வெண்ணத்தை வெளியிட்டார். 1856இல் ஆஸ்திரியாவில் ரிட்டிங்கர் என்பவர் இத்தகைய கருவியை அமைத்தார். 1941இல், போர்க்காலத்தில், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர உள்ளரங்க நீச்சல் குளத்துக்கும் ‘ஹீட் பம்ப்’ பொருத்தப்பட்டது.

கணக்குப் பார்ப்போம்

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழமுள்ள குளம் 38,400 லிட்டர் கொள்ளும். அதை ஒரு பாகை சூடாக்க ஏறக்குறைய 45 யூனிட் வெப்பம் தேவை. 28இலிருந்து 32 பாகைக்கு உயர்த்த 180 யூனிட். சாதாரண மின்சூடேற்றியில் இந்த 180 யூனிட்டும் மின்கட்டணத்தில் ஏறும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஐந்து யூனிட் வெப்பம் தரும் ‘ஹீட் பம்ப்’பில் 36 யூனிட் போதும். இந்த ஐந்து என்னும் மடங்கையே விற்பனைத் தாளில் ‘சி.ஓ.பி.’ என்று அச்சிடுகிறார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காற்று 26 அல்லது 27 பாகை, ஈரப்பதம் 80 விழுக்காடு என்ற நிலையில் சோதித்த எண்ணையே பெரும்பாலும் போடுவார்கள். குளிர்நாட்டாருக்கு அது எட்டாக் கனி. நமக்கோ அதுவே அன்றாட வானிலை. ஆனால் 12, 15 என்று பெரிய எண்ணைக் கண்டால் மயங்கிவிடக் கூடாது. அது கருவி மிக மெதுவாக ஓடும்போது கிடைப்பது. முழு வேகத்தில் எவ்வளவு என்று கேளுங்கள்.

இரைச்சல்

வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ‘இன்வெர்ட்டர்’ வகையே அமைதியானது. தேவைக்குச் சற்றுப் பெரிய இன்வெர்ட்டர் கருவி பாதி வேகத்தில் ஓடும்போது சத்தமும் குறையும், மின்சாரமும் மிச்சமாகும். டெசிபல் எண்ணைப் பார்க்கும்போது எத்தனை மீட்டர் தூரத்தில் அளந்தது என்றும் பாருங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபலும் பத்து மடங்கானால் 20 டெசிபலும் குறையும். ஆகவே, ‘10 மீட்டரில் 35’ என்பது ‘1 மீட்டரில் 50’ என்பதைவிட அமைதியானதன்று. அருகில் நின்றால் அது 55 ஆகும்.

சுவர் மூலை ஒலியை எதிரொலித்துப் பெருக்கும். கருவி வெளியேற்றும் குளிர்காற்று அங்கேயே சுழன்று திறனையும் குறைக்கும். காற்றோட்டமான இடத்தில், ரப்பர் திண்டின்மேல், யார் வீட்டுச் சன்னலையும் நோக்காதபடி வையுங்கள்.

மூடி போட்டால் பாதி வேலை முடிந்தது

குளம் இழக்கும் சூட்டில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும் நீரோடு போய்விடுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியானால், ஏறக்குறைய 580 லிட்டர் நீரை ஒரு பாகை குளிரவைக்கும் அளவு வெப்பம் போகும். இரவில் குளத்தை மூடி வைத்தால் சூடும் தங்கும், நீரும் தங்கும். 1991இல் துரியான் துங்கால் அணை வற்றி நாம் பட்ட அவதியை மறந்தவர்கள் இருக்க முடியாது. குளத்தில் இறங்குமுன் மூடியை முழுவதும் அகற்றிவிட வேண்டும். அதன் அடியில் குழந்தைகள் சிக்கினால் ஆபத்து.

மேலும் சில குறிப்புகள்

கருவியிலிருந்து நீர் சொட்டினால் அஞ்ச வேண்டாம். நம் ஈரக்காற்று குளிர்ந்து வடியும் நீர் அது. தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகும் என்பதால் சாக்கடைக்கு வழி செய்யுங்கள். குளோரின் அரிக்காத டைட்டேனியம் சுருள் உள்ளதா, உள்ளூரில் உதிரிப் பாகம் கிடைக்குமா, கம்பிரசருக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று விசாரியுங்கள். பழைய ஆர்-410ஏ வாயுவைவிட ஆர்-32 புவி வெப்பத்துக்கு விளைக்கும் கேடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மின்கசிவுத் தடுப்பானுடன், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே இணைப்புக் கொடுங்கள்.

நம் அன்பர் புதுக்கருவி வாங்கவில்லை. இருந்ததையே வீட்டின் மறுபக்கம் ரப்பர் திண்டின்மேல் மாற்றினார். காற்று சூடாக இருக்கும் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும் ஓடவிட்டார். இரவில் குளத்துக்கு மூடி போட்டார். மின்கட்டணம் குறைந்தது, அடுத்த வீட்டுக் குழந்தையும் உறங்கியது. அந்தத் தாயார் இப்போது மாலைதோறும் நீரில் நடக்கிறார். சில நாள்களில் அந்தக் குழந்தையின் பாட்டியும் துணைக்கு வந்து குளக்கரையில் கால் நனைத்து அமர்கிறார்.